சங்கரபாண்டியின் பிணைப்பு எண்

சங்கரபாண்டிக்கு இரண்டாவது முறையும் எண்பத்தொன்று வந்தது.

அதை அவரிடம் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. ஹெல்வா நகரத்துப் பிணைப்பு மையத்தில் பதினாறு வருடங்களாக நான்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். வடகடல் கூட்டமைப்பில் குடியுரிமை கேட்கிற எவரும் எங்கள் மையத்துக்கு வந்து, தலையில் தொப்பி போன்ற ஒரு கம்பிக் கூட்டை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். விட்டுவந்த நாட்டின் ஓசைகளும் வாசனைகளும் படங்களும் ஒவ்வொன்றாக வரும். எண்ணெயில் கடுகு வெடிக்கும். நடத்துநர் விசில் அடிப்பார். ரேஷன் கடை வரிசையில் யாரோ யாரையோ திட்டுவார்கள். அப்போதெல்லாம் மூளை எவ்வளவு அசைகிறது என்று பார்த்துக் கருவி ஓர் எண்ணைத் தரும். பூஜ்யத்திலிருந்து நூறுக்குள். முப்பதுக்குக் கீழே இருந்தால் குடிமகன். மேலே போனால் இன்னொரு முறை வரலாம். அப்படி மூன்று முறைதான். மூன்றாவதும் தவறினால் ஆறு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். பத்து வருடங்களுக்குத் திரும்ப முடியாது.

போர்கள் முடிந்த பிறகு வந்த சட்டம் இது. மனம் வேறெங்கோ இருப்பவர்களை நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது என்று முடிவு செய்தார்கள். முதலில் வாய்மொழித் தேர்வு இருந்தது. எல்லோரும் பொய் சொன்னார்கள். பிறகுதான் இந்தக் கருவி வந்தது.

“எண்பத்தொண்ணு” என்றேன்.

அவர் தலையிலிருந்து கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்பத்தேழு வயது. மீன் துறைமுகத்தில் குளிர்பதனக் கிடங்குகளின் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். கைகள் பெரியவை. வைத்த விதம் மட்டும் மெதுவாக இருந்தது.

“உங்க மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்றார். “அக்கா, நான் அந்த ஊர விட்டு வந்து இருபத்திமூணு வருசம் ஆச்சு. ஒரு தடவ போனது கெடையாது. எங்கம்மா செத்ததுக்குப் போகல. அந்த ஊரு பேரக் கேட்டாலே எனக்கு வாந்தி வரும். நாசமாப் போகணும்னு தெனம் நெனைக்கேன். எனக்கு எண்பத்தொண்ணா? எம்பொண்டாட்டிக்கு ஒம்பது போட்டீங்களே, அவ என்னேரமும் நம்ம ஊரு நம்ம ஊருன்னு உருகுதவ!”

மருத்துவர் ஹால்டா என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். ஹால்டா பொறுமைசாலி. இதே கேள்வி வேறு மொழிகளிலும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

“கருவிக்குப் பிரியம் எது, வெறுப்பு எது என்று தெரியாது” என்றார். “ஒரு மனிதன் எவ்வளவு தூரம் அங்கேயே இருக்கிறான் என்பதைத்தான் அது பார்க்கிறது. இவர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்.”

அதை நான் தமிழில் சொன்னதும் சங்கரபாண்டி எழுந்துவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப வெறுக்கவும் கூடாதா?” என்று கேட்டார்.

விண்ணப்பதாரர்களோடு பழகக் கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. ஹெல்வாவில் தமிழர்கள் முந்நூறு பேர். அதில் யாரோடும் பழகாமல் இருப்பதானால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். பல வருடங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டும் இருந்தேன். அதனால் மறு ஞாயிற்றுக்கிழமை சங்கரபாண்டியின் மனைவி புஷ்பம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது மறுக்கவில்லை.

புஷ்பம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு, கோலப்போட்டி எல்லாம் அவள் தலையில்தான். வீட்டுச் சுவரில் கோபுரப் படம், வாசலில் ஒட்டுக் கோலம், அலமாரி நிறைய எவர்சில்வர். மகள் ஆதிரைக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். அவள் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போன பிறகு புஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். சங்கரபாண்டி துறைமுகத்தில் ஒரு பழுதுக்காகப் போயிருந்தார்.

“அக்கா, உங்கள ஒண்ணு கேக்கணும். எனக்கு ஒம்பதுன்னு சங்கத்துல யாருக்கும் தெரியாது. முப்பதுக்குக் கொஞ்சம் கீழன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், புஷ்பம்.”

“அதுக்கில்ல. அது எப்படி ஒம்பது? பதினேழு வருசமா இந்த ஊருல பொங்கல் நடக்குதுன்னா அது என்னாலதான். எங்க ஊரு நெனப்பு வந்தா எனக்குக் கண்ணு கலங்கும்க்கா. பொய்யா அது?”

“பொய் இல்ல.”

“அப்புறம்?”

தண்ணீர் குடித்தேன். புஷ்பமே யோசித்துக்கொண்டு பேசினாள்.

“இவரு தெனமும் காலையில எந்திரிச்சு என்ன செய்வாரு தெரியுமா? அந்தத் தாலுகா சேதி முழுக்கப் படிப்பாரு. அணையில எத்தன அடி தண்ணி, யாரு பஞ்சாயத்துத் தலைவரா வந்திருக்கா, எந்தத் தெருவுல யாரு செத்தாவ. படிச்சிட்டு, நாசமாப் போற பயலுவன்னு வைவாரு. பெறவுதான் பல்லு வெளக்கப் போவாரு. நான் எங்க ஊரு சேதி படிச்சு எத்தன வருசமாச்சு? எங்க கலெக்டர் ஆம்பளையா பொம்பளையான்னு கூட எனக்குத் தெரியாது.” தட்டுகளை அடுக்கினாள். “அந்த மிஷினு சரியாத்தான் சொல்லியிருக்கு. அதான் எரிச்சலா இருக்கு. இவரு மேலயும் எரிச்சலா வருது. எனக்கு இல்லாததை இவரு வச்சுக்கிட்டு, அதையும் திட்டிக்கிட்டே இருக்காரு பாருங்க.”

“அவருக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?”

“தெரியாது. ஒரு தம்பி இருந்தாராம். தண்ணியில போயிட்டாராம். அதுக்கு மேல கேட்டா அன்னைக்கு முழுக்கப் பேச மாட்டாரு. கல்யாணமாகி பதினெட்டு வருசமாச்சு, அந்தத் தம்பி பேரு கூட எனக்குத் தெரியாது.”

ஆதிரை அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அப்பா போக வேண்டி வந்தா நானும் போகணுமா?” என்று என்னிடம் இந்த நாட்டு மொழியில் கேட்டாள். தமிழில் கேட்டால் அம்மா அழுவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“நீ குடிமகள். நீ இருக்கலாம்.”

“அப்பா இல்லாமலா?” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது சோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. ஹால்டா ஒரு வழி சொன்னார். தளர்த்தல் என்று அதற்குப் பெயர். எந்த நினைவு ஒருவரை அங்கே பிடித்து வைத்திருக்கிறதோ அதை அவர் தம் தாய்மொழியில் முழுவதுமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூளையில் அது ஓடும் தடத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு மருந்து. தடம் தளர்ந்துவிடும். நடந்தது முற்றிலும் மறந்து போகலாம்; யாரோ சொன்ன செய்தி மாதிரி கொஞ்சம் மிஞ்சலாம்; மற்றவர்கள் சொன்னதே தன் நினைவாகவும் ஆகிவிடலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மனைவி மக்களையோ வேலையையோ அது தொடாது. சட்டப்படி யாரும் வற்புறுத்தக் கூடாது.

சங்கரபாண்டி கேட்டுவிட்டு, “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மையத்துக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு தொலைபேசி அழைப்புக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். “எனக்குக் கோவம் வந்து வச்சிட்டாலும் வச்சிருவேன். நீங்க பேசி முடிங்க” என்றார். மையத்துக்குப் பின்னால் கடல் தெரியும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் தம் ஊர் பஞ்சாயத்து அலுவலகத்தைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். ஓர் இளம்பெண் எடுத்தாள். குரல் இனிமையாக இருந்தது.

“சொல்லுங்க அண்ணாச்சி, யாரு பேசுதீங்க?”

அவர் பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், தகப்பனார் பெயரைச் சொன்னார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தத் தெருவில் இப்போது நான்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறதாம். மற்றவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். மணல் லாரிகள் பற்றிக் கேட்டார்.

“மணலா? அதெல்லாம் எப்பவோ நிப்பாட்டியாச்சே அண்ணாச்சி. ஆறு இப்ப அழகா ஓடுது. சனி ஞாயிறு டவுன்ல இருந்து ஆளு வருதாவ குளிக்க.”

சங்கரபாண்டி ஒரு வருடத்தையும் மாதத்தையும் சொல்லி, ஒரு மரணப் பதிவைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பெயர் கொம்பையா, வயது பத்தொன்பது.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “இருக்கு அண்ணாச்சி. குடிபோதையில் ஆற்றில் தவறி விழுந்து இறப்பு. ஊர்ப் பொதுமக்கள் சாட்சின்னு போட்டிருக்கு.” கொஞ்சம் தயங்கி, “உங்களுக்குச் சொந்தமா?” என்றாள்.

“அது பொய்ம்மா. அத மாத்த முடியுமா?”

“பழைய பதிவுல்லா. சாட்சி சொன்னவங்க யாராச்சும் நேர்ல வந்து, நாங்க அப்ப தப்பாச் சொல்லிட்டோம்னு எழுதிக் கொடுத்தா, ஆர்.டி.ஓ. விசாரிப்பாவ. போன்ல எல்லாம் முடியாது. ஆனா அதுல கையெழுத்துப் போட்டவங்க யாரும் இப்ப இருக்காவளான்னு தெரியலியே. எல்லாரும் வயசாளியால்லா இருப்பாவ.”

அவர் நன்றி சொல்லி வைத்தார். கோபப்படவில்லை. நான் பேசி முடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

“நீங்களே நேர்ல போய்க் கேட்டுப் பாக்கலாமே” என்றேன். “தம்பிக்காக.”

“விண்ணப்பம் நிக்கும்போது நாட்ட விட்டுப் போனா ரத்துன்னு உங்க பேப்பர்லயே இருக்கு. போனா பத்து வருசம். ஆதிரைக்கு அப்ப இருபத்தஞ்சு.” கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்திமூணு வருசமா அந்த ஊரு அப்படியே இருக்கும்னு நெனச்சேன். லாரி ஓடிக்கிட்டு, அந்தப் பயலுவ டீக்கடையில உக்காந்துக்கிட்டு. நான் இங்க இருந்து வைய வைய, அவனுவ அங்க இருக்கானுவன்னு. இப்ப அங்க ஒருத்தனும் இல்லியாம். நல்லா ஓடுதாம் ஆறு.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“அந்த டாக்டரம்மாகிட்ட தேதி கேளுங்க” என்றார்.

தளர்த்தல் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. சிறிய அறை, சாய்வு நாற்காலி. ஹால்டா திரைக்கு முன்னால் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். சங்கரபாண்டி சொல்லச் சொல்ல நான் மெல்லிய குரலில் ஹால்டாவின் மொழியில் சொல்ல வேண்டும். அறையில் கேட்டது எதையும் வெளியே சொல்வதில்லை என்று முன்னதாகவே கையெழுத்துப் போட்டிருந்தேன். அது எல்லாச் சிகிச்சைக்கும் வழக்கம். புஷ்பம் வெளியே காத்திருந்தாள்.

“எந்தம்பி பேரு கொம்பையா” என்று தொடங்கினார். “என்ன விட அஞ்சு வயசு எளையவன். பாலிடெக்னிக் படிச்சான். ஊருக்குக் கிழக்க ஆறு. ராவும் பகலுமா மணல் லாரி ஓடும். மிஷின விட்டு முப்பதடி நாப்பதடி தோண்டிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருவானுவ. தண்ணி வந்திச்சுன்னா குழி தெரியாது. பாத்தா முழங்காலளவுதான்னு தோணும்.

“கொம்பையா அத போட்டோ புடிச்சு தாலுகா ஆபீசுல மனு கொடுத்தான். அதுக்கப்புறம் ஊருல ஒருத்தரும் அவங்கூடப் பேசல. ஏன்னா பாதி ஊரு அந்த லாரிய வச்சுத்தான் சாப்பிட்டுது. நானுந்தான். லாரிக்கெல்லாம் நாந்தான் மெக்கானிக்கு. ‘ஏம்ல இப்படிப் பண்ணுத, என் பொழப்புல மண்ண அள்ளிப் போடுதியே’ன்னு நானே அவன அடிச்சேன். அடிச்சப்ப சிரிச்சான். ‘மண்ண அள்ளுதது நீங்கதாம்ண்ணே’ன்னான்.”

ஹால்டாவின் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது.

“ஐப்பசியில மொதத் தண்ணி வந்திச்சு. மத்தியானம் ரெண்டு பேரும் குளிக்கப் போனோம். நாங்க பொறந்ததுல இருந்து குளிக்கித துறை. நான் கரையில சட்டையக் கழட்டிக்கிட்டு இருந்தேன். அவன் முன்னால எறங்கினான். ரெண்டு எட்டு வச்சான். அம்புட்டுத்தான். கூப்பிடக் கூட இல்ல. நல்லா நீச்சல் தெரிஞ்சவன். மணல் சரிஞ்சு மூடிட்டு. நான் எறங்கித் தேடுனேன். நானும் உள்ள போயி எப்படியோ வந்தேன். மறுநாள் விடிஞ்சப்பறந்தான் கெடச்சான்.

“அவன் குடிக்க மாட்டான் அக்கா. டீ கூடக் குடிக்க மாட்டான். குடிச்சிட்டு எறங்குனதப் பாத்தோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டாந்தானுவ. எங்களப் பெத்த ஐயாதான் மொதக் கையெழுத்து. ‘செத்தவன் செத்துட்டான், இருக்கவன் இருக்கணும்லா’ன்னாரு. அப்புறம் தெருவே போட்டுது. சொந்தக்காரன், ஸ்கூல் வாத்தியாரு, அவங்கூட வாலிபால் ஆடுனவன், எல்லாரும். நாப்பத்திரெண்டு பேரு.”

அவர் நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஹால்டா தலையசைத்தார்.

“இல்லை. உச்சம் இன்னும் வரவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. சொல்லச் சொல்லுங்கள்.”

“இன்னும் இருக்குன்னு சொல்றாங்க” என்றேன்.

சங்கரபாண்டி கண்களை மூடிக்கொண்டார். வெளியே டிராம் ஒன்று போயிற்று. அடுத்த டிராமும் போயிற்று.

“நாப்பத்திமூணாவது கையெழுத்து என்னது” என்றார்.

கோடு திரையின் உச்சியைத் தொட்டது. ஹால்டா அவசரமாக எதையோ அழுத்தினார்.

“கூடப் போனவன் நான். நான் போட்டாத்தான் செல்லும்னானுவ. எங்கம்மா அடுப்பங்கரையில இருந்து பாத்துக்கிட்டே நின்னா. ஒண்ணும் சொல்லல. நான் போட்டேன். அடுத்த மாசம் அந்தக் காண்ட்ராக்டர் எனக்குக் கப்பல்ல வேல வாங்கிக் கொடுத்தான். அப்படித்தாங்க்கா நான் வெளிநாட்டுக்கு வந்தது. அந்தக் கையெழுத்துலதான் வந்தது. எல்லாம். இந்த வேல, இந்த வீடு. புஷ்பம், ஆதிரை. எல்லாம்.”

நான் மொழிபெயர்த்தேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. ஹால்டா ஒருமுறை என் கையைத் தொட்டார். பிறகு, விதிப்படி கடைசியாகச் சம்மதம் கேட்கச் சொன்னார்.

நான் அந்தக் கேள்வியை உடனே கேட்கவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். நாற்பத்துமூன்று பேரில் உயிரோடிருக்கிற சாட்சி இவர் ஒருவராகவே இருக்கலாம். இவர் மறந்துவிட்டால் அந்தப் பையன் குடித்துவிட்டுத்தான் செத்தான். ‘வேண்டாம், ஊருக்குப் போங்க, எழுதிக் கொடுங்க’ என்று தமிழில் நான் சொன்னால் ஹால்டாவுக்குப் புரியாது. ஒரே வாக்கியம்தான்.

“சம்மதமா?” என்று கேட்டேன்.

“மூணு மணிக்கு ஆதிரைக்குப் பள்ளிக்கூடம் விடும்” என்றார் கண்ணைத் திறக்காமலே. “சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க.”

ஐந்து வாரம் கழித்து மூன்றாவது சோதனை. எண் பன்னிரண்டு. புஷ்பம் மையத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆதிரை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சங்கரபாண்டி எல்லோருக்கும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். “உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்” என்றார். எதனால் சிரமம் என்று அவருக்கு நினைவிருந்ததா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

அடுத்த கோடையில் தமிழ்ச் சங்கம் கடற்கரைப் பூங்காவில் ஒரு விருந்து வைத்தது. இங்கே அந்த மாதங்களில் சூரியன் மறைவதே இல்லை. நான் போனபோது சங்கரபாண்டி பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் சங்கத்துப் பக்கமே வராதவர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“வாங்கக்கா! என்ன எளச்சிட்டீங்க? சாப்பிடுங்க.” தட்டை நிறைத்தார். “வார ஜனவரியில ஊருக்குப் போறோம், தெரியுமா? ஆதிரைக்கு நம்ம ஊரக் காட்டணும்லா. நீங்க ஒருதடவ எங்க ஊருக்கு வரணும். அப்படி ஒரு ஆறு அக்கா. இவளுக்கு அதுல நீச்சல் சொல்லிக் கொடுக்கப் போறேன். நீச்சல்குளத்துல படிக்கதெல்லாம் நீச்சலா?”

“ஊர்ல உங்களுக்கு யார் இருக்காங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இப்ப யாரு இருக்கா? ஐயாவும் அம்மாவும் போயிட்டாவ. ஒரு தம்பி இருந்தான். சின்ன வயசுலயே போயிட்டான் பாவம்.” கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார். “குடிப்பழக்கம். குடிச்சிட்டு ஆத்துல விழுந்துட்டான். அந்தக் காலத்துல பயலுவ அப்படித்தான. ஊருல எல்லாரும் எங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாவ அப்போ. நல்ல ஜனங்க. அங்க உள்ள ஜனங்க மாதிரி வராது அக்கா.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

டிராம் நிறுத்தம்வரை புஷ்பம் என்னோடு நடந்து வந்தாள். வெயிலில் கண் கூசியது.

“இப்பல்லாம் நல்லா தூங்குதாரு” என்றாள். “பாட்டுப் பாடுதாரு. ஊரப்பத்தி என்கூட உக்காந்து மணிக்கணக்காப் பேசுதாரு. இப்படி ஒரு ஆளு வேணும்னுதான் நான் பதினெட்டு வருசமா ஏங்குனேன். இப்ப அவரு பேசும்போது எனக்கு எந்திரிச்சுப் போயிரணும் போல இருக்குக்கா. எங்கூட இருந்தவரு எங்கயோ போயிட்டாரு. இவரு யாரோ விருந்தாளி மாதிரி.”

நிறுத்தம் வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

“உள்ள அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

வெளியே சொல்வதில்லை என்று நான் போட்டிருந்த கையெழுத்து ஞாபகம் வந்தது. அதை மீறுவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்தேன்.

“வேண்டாம்” என்றாள் சட்டென்று. “சொல்லிராதீங்க. எனக்குத் தெரிஞ்சா எம்மூஞ்சியப் பாத்தே அவரு கண்டுபிடிச்சிருவாரு. நான் அப்படித்தான், எதையும் மறைக்கத் தெரியாது. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

டிராம் வந்தது. ஏறிக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பூங்காவுக்கு நடந்தாள்.

மையத்து ஊழியர்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. அந்த இலையுதிர் காலத்தில் என் முறை வந்தது. எனக்கு அது வெறும் சடங்கு. நான் பிறந்தது மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆறு வயதில் கிளம்பினோம். பிறகு நாலு நாடுகள். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது விமான ஓடுதளம். என் எண் எப்போதும் இரண்டு அல்லது மூன்று. இவ்வளவு குறைவான எண் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை என்று ஹால்டா வேடிக்கையாகச் சொல்வார். எனக்கென்று ஒரு நாடு இல்லாததால் பொதுவான தமிழ்க் காட்சிகளைத்தான் எனக்குப் போடுவார்கள். கடுகு, விசில், ரேஷன் கடை. ஓர் ஆற்றில் பையன்கள் குளிக்கும் படமும் அதில் உண்டு. நூறு முறை பார்த்த படம்.

கூட்டைக் கழற்றியபோது ஹால்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐம்பத்தாறு” என்றார்.

கூட்டை மேசைமேல் வைத்தேன்.

“ஏதோ தவறு. ஆற்றுப் படம் வந்ததிலிருந்து இறங்கவே இல்லை.” நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அவர் குரலில் கடுமை இல்லை, கவலைதான். “முப்பதைத் தாண்டினால் ஊழியரும் காரணம் சொல்ல வேண்டும், தெரியும்தானே? படிவத்தில் இடத்தின் பெயர் எழுத வேண்டும். எந்த ஊர், வேணி?”

சங்கரபாண்டியின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். நான் ஒருநாளும் பார்த்திராத ஊர். ஹால்டாவுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?”

“தம்பி” என்றேன்.